ஒன்றையும் விடாதவர்

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் மொன்றியலில் பாதிச் சனம் "ஓ, அந்தாளோ?" என்று கேட்கும். மற்றப் பாதி ரெலிபோன் எடுத்து என்னைத் திட்டும். அப்படித் திட்டுகிறவர்களில் அவருக்காகத் திட்டுகிறவர்களும் இருப்பார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம்.

நாங்கள் அவரைக் கச்சேரி அண்ணை என்று கூப்பிட்டோம். பாட்டுக் கச்சேரி இல்லை. ஊரில், சண்டைக் காலத்தில், அரசாங்கக் கச்சேரி ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். வடக்கே போகிற சாமான்களுக்கு அனுமதித் துண்டு எழுதிக் கொடுப்பதும், பிறகு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்களுக்குப் பக்கத்தில் மேசை போட்டு இருந்து அந்தத் துண்டைச் சரிபார்ப்பதும் அவருடைய வேலை. ஒரே நாடுதான். ஆனாலும் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குச் சவர்க்காரம் கொண்டுபோக அனுமதி வேண்டும். பற்றரி கூடாது, மண்ணெண்ணெய் இத்தனை போத்தல், பால்மா இத்தனை ரின் என்று எல்லாவற்றுக்கும் ஒரு லிஸ்ட். துவக்கு ஆமிக்காரனிடம் இருந்தது. லிஸ்ட் இவரிடம் இருந்தது.

இதையெல்லாம் அவர் ஒளித்ததில்லை. யாராவது கேட்டால் அரிசி விலை சொல்வதுபோலச் சொல்லுவார்.

நான் அவரைப் பார்த்தது மொன்றியலின் லாசால் பகுதியில், ஒரு தமிழ் மொத்தவியாபாரியின் ஸ்ரோரில். இரண்டாயிரத்து நாலு, ஐந்து அளவில் இருக்கும். ரொறன்ரோவிலிருந்து லொறியில் வருகிற மிளகாய்த்தூள், ஊறுகாய், பப்படம் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு லேபல் ஒட்டினால்தான் கியூபெக்கில் விற்கலாம். ஆறு பெண்கள் நீள மேசையில் இருந்து ஒட்டுவோம். பிறகு கடைக்காரர்களின் ஓடருக்குச் சாமான் கட்டுவோம். லேபலில் இருக்கிற பிரெஞ்சுக்கு அவர் பொறுப்பு. நாற்பத்தைந்து வயதில் இங்கே வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து பிரெஞ்சு படித்தவர். அவர் பேசினால் வெள்ளைக்காரர்கள் தங்கள் வசனத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

ஒரு நாள் வேலை முடிகிற நேரம், முந்நூறு ஊறுகாய்ப் போத்தலும் பெட்டிக்குள் போய்விட்டன. அவர் ஒரு போத்தலை வெளியே எடுத்தார். லேபலில் போட்ட சேர்மானங்களின் வரிசையில் உப்புக்குப் பிறகு வரவேண்டிய கடுகு முன்னுக்கு வந்துவிட்டது.

"எல்லாத்தையும் உரியுங்கோ," என்றார்.

எங்களில் ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி. கால் இரண்டும் பலூன்போல வீங்கியிருந்தன. "அண்ணை, கடுகு முன்னுக்கு வந்தா ஆருக்கு வயித்துக்குத்து வரப்போகுது? நாளைக்குச் செய்வம்," என்றாள்.

"நாளைக்கு விடிய லொறி வெளிக்கிடுது, பிள்ளை. பிழையான லேபலோடை சாமான் போகேலாது. லிஸ்டிலை இல்லை."

அவருக்கு எதற்கும் அந்த வார்த்தைதான். லிஸ்டில் இருக்கிறது, லிஸ்டில் இல்லை. அவளுக்குக் கால் நீட்ட ஒரு கதிரையாவது இழுத்துக் கொடுத்தாரா? இல்லை. ஆனால் தானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து எங்களோடு இருந்து உரித்தார். எங்களுக்கு மேலதிக நேரம் எழுதினார், தனக்கு எழுதவில்லை. போத்தலில் பசை ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி அவருடைய பெருவிரலில் இரத்தம் வந்தது. அதைக் கழுவிவிட்டு வந்து மறுபடி இருந்தார். அந்த மனுசனை வெறுக்கிறதும் லேசான வேலை இல்லை.

அவர் இலவசமாக மொழிபெயர்ப்புக்கும் போவார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீட்டுக்காரனோடு வழக்கு, எங்கே கூப்பிட்டாலும் அதே சாம்பல் கோட்டோடு பத்து நிமிடம் முந்தி வந்து நிற்பார். ஆனால் அவரைக் கூப்பிட முதல் சனம் இரண்டு தரம் யோசிக்கும்.

என் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி தகப்பனை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஈரலில் புற்றுநோய். விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். டொக்டர் வாய் திறக்க முதல், தகப்பனுக்குக் கேட்காமல் இவரின் கையைப் பிடித்து, "அண்ணை, அப்பாக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ. புண் எண்டு சொல்லுங்கோ," என்று கெஞ்சியிருக்கிறாள். இவர் டொக்டர் பக்கம் திரும்பி, அவள் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். டொக்டர் சொன்னதைத் தகப்பனுக்குத் தமிழில் சொன்னார். அதோடு விட்டாரா? "ஐயா, இதை உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு மகள் கேட்டவ," என்பதையும் சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பிள்ளை என் குசினியில் இருந்து அழுத அழுகையை நான் பார்த்தேன். எனக்கு அந்தாளின் கன்னத்தில் அறையவேண்டும்போல இருந்தது.

தகப்பன் நாலு மாதம் இருந்தார். அந்த நாலு மாதமும் கச்சேரி அண்ணையைத் தவிர வேறு எந்த மொழிபெயர்ப்பாளரையும் அவர் உள்ளே விடவில்லை.

இனி மாஜரின் கதைக்கு வருகிறேன். வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். அந்த நாட்களில் கியூபெக்கில் மஞ்சள் மாஜரின் விற்கக்கூடாது. பட்டர்போல இருந்து சனத்தை ஏமாற்றிவிடுமாம். மாஜரின் என்றால் பன்றிக்கொழுப்புப்போல வெளிறித்தான் இருக்கவேண்டும். ஐந்தாறு மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற ரொறன்ரோவில் மஞ்சள் மாஜரின் குவிந்து கிடக்கும். சொந்தப் பாவிப்புக்கு ஒரு டப்பா கொண்டுவரலாம், கடையில் வைத்து விற்றால்தான் குற்றம். ஒரே நாடுதான், இதுவும்.

எங்கள் சனத்துக்குக் கேக் என்றால் மாஜரின் கேக்தான், அதுவும் மஞ்சளாக இருக்கவேண்டும். வில்லரேயில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்த பிலோமினா அக்காவிடம் இதைக் கேட்காத தாய்மார் இல்லை. அக்கா மன்னார்ப் பக்கம். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தா. அந்தக் கடைதான் அவவுக்கு வீடு, சொந்தம், கோயில் எல்லாம்.

ஒரு நாள் ரெலிபோனில் என்னிடம் ஓடர் சொல்லும்போது, "பிள்ளை, கோயிலிலை பிள்ளையளுக்கு முதல் நன்மை வருது. ரெண்டு பெட்டி மஞ்சள் மாஜரின் சேர்த்து விடு," என்றா.

சேர்த்து விடு என்று மட்டும்தான் சொன்னா. மற்றது முழுக்க என் கை செய்த வேலை. நான் அரிசிச் சாக்கு ஒன்றை வெட்டி, பாதி அரிசியை எடுத்து, லொறிக்காரன் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்து தந்த மாஜரின் டப்பாக்களை நடுவில் வைத்து, மேலே அரிசி போட்டு, கோணூசியால் வாயைத் தைத்தேன். ஊரில் அம்மா சவர்க்காரத்தை இப்படித்தான் கொண்டுபோனா. ஒருவரும் என்னை ஒளிக்கச் சொல்லவில்லை. கூடாத சாமான் என்றதும் கை தானாக ஊசியைத் தேடியது. மற்றச் சாக்குகள் எல்லாம் மெசினில் வெள்ளை நூலால் தைத்தவை. நான் கையில் கிடைத்த கறுப்பு நூலால் தைத்தேன். எவ்வளவு பெரிய மொக்கு வேலை!

கடைக்குச் சோதனைக்கு வந்த பரிசோதகர் வேறு ஏதோ பார்க்க வந்தவர். கறுப்பு நூல் கண்ணில் பட்டுவிட்டது. சாக்கைத் திறந்தார். கடைத் தட்டில் வெளியே வைத்திருந்தால் டப்பாவை எடுத்துக்கொண்டு ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதிவிட்டுப் போயிருப்பேன் என்று அவரே சொன்னாராம். சாக்குக்குள் தைத்து வைத்திருப்பது வேறு கதை. அது தெரிந்து செய்த கடத்தல். கடை அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். மேன்முறையீட்டுக்கு ஒரு திகதி கொடுத்தார்கள். அதில் தோற்றால் கடை இல்லை.

ஆர் தைத்தது என்று அவர்கள் கேட்டபோது அக்கா தான்தான் என்று சொல்லியிருக்கிறா. எனக்கு அகதி வழக்கு முடியவில்லை என்பது அவவுக்குத் தெரியும். நான் போய், "அக்கா, நான் வந்து சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"நீ பேசாமல் இரு. உனக்கு ரெண்டு பிள்ளையள்," என்றா.

நான் பேசாமல் இருந்தேன். அது எனக்கு வலு சுகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த நேரம் பார்த்து, மாகாணங்களுக்கு இடையில் சாமான் போய்வருகிற விதிகளை ஆராய்கிற பாராளுமன்றக் குழு ஒன்று மொன்றியலுக்கு வந்தது. எது தேவையான விதி, எது விசர் விதி என்று சின்ன வியாபாரிகளிடமே கேட்கப்போகிறார்களாம். எங்கள் கடைக்காரர் சங்கம் பிலோமினா அக்காவைச் சாட்சியாக அனுப்ப முடிவுசெய்தது. ஒரு விதவை, சின்னக் கடை, மாஜரினின் நிறம். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? குழு அவவுக்குச் சார்பாக ஒரு கடிதம் எழுதினால் மேன்முறையீட்டில் அனுமதி திரும்பக் கிடைக்கும் என்று சங்கத்து வக்கீல் அடித்துச் சொன்னார்.

மொழிபெயர்க்க ஒரு இளம் பெட்டையை ஒழுங்கு செய்திருந்தார்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டா. "கச்சேரியிலை இருந்தவர் எண்டு ஒருத்தர் இருக்கிறாராமே, அவர் வரட்டும்," என்றா. நாங்கள் எல்லோரும் தடுத்தோம். அவ கேட்கவில்லை.

நகரத்துக்குள் ஒரு ஹோட்டல் மண்டபம். காலை பத்து மணி. ஏழு உறுப்பினர்கள், நடுவில் தலைவி. நல்ல மனுசி. அக்கா வந்து இருக்கும்போது தானே எழும்பித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தா. அக்காவுக்குப் பக்கத்தில் அவர், சாம்பல் கோட்டோடு, ஒரு பென்சிலும் அடிமட்டமும் கொப்பியும் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

முதல் பத்து நிமிடமும் சொர்க்கம். "கேக் எண்டா மஞ்சளா இருக்கவேணும்," என்றா அக்கா. "முதல் நன்மைக்கு வெள்ளைக் கேக்கை வெட்டினா, சனம் செத்தவீட்டுக்கு வந்தமாதிரி நிக்குது." அவர் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் ஏழு பேரும் சிரித்தார்கள், தமிழில் நாங்கள் சிரித்த அதே இடத்தில். தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த விஷயத்தைக் கடிதத்தில் கட்டாயம் எழுதுவோம் என்றா. வக்கீல் என் தொடையில் தட்டினார்.

அப்போது ஓரத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் ஒரு தாளைப் புரட்டினார். "இந்த மாஜரின் அரிசிச் சாக்குக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை சொல்கிறது. தைத்தது நீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "ஓம். நான்தான் தைச்சனான்."

அவர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். நானே தைத்தேன், என்று. ஒரு சின்ன வழுக்கல், ஒரு மழுப்பல் அதில் இல்லை. தைத்தேன் என்பதற்குப் பதிலாகச் சும்மா வைத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எவருக்குத் தெரியப்போகிறது?

"ஏன் மறைத்தீர்கள்?"

அக்கா கையில் வைத்திருந்த, வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை மடித்து மேசையில் வைத்தா. பிறகு உறுப்பினர்களைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசினா.

"எங்கடை நாட்டிலை ஒரு இடத்தாலை மற்ற இடத்துக்குச் சாமான் கொண்டுபோறதெண்டா மறைச்சுத்தான் கொண்டுபோகவேணும். நான் அரிசிச் சாக்குக்குள்ளை ரெண்டு ரின் பால்மா வைச்சுத் தைச்சுக் கொண்டுபோனனான். துண்டிலை ஒரு ரின்தான் எழுதியிருந்தது. லிஸ்ட் வைச்சிருந்தவர் சாக்கைக் குத்திப் பாத்தார். மறைச்சபடியால் ரெண்டையும் எடுக்கவேணும் எண்டு ஆமிக்குச் சொன்னார். என்ரை பிள்ளைக்கு மூண்டு மாசம். என்னட்டைப் பால் இல்லை. கஞ்சித் தண்ணியிலை இருபது நாள் இருந்திட்டுச் செத்துப்போச்சு. லிஸ்ட் வைச்சிருந்தவர் எனக்குப் பக்கத்திலை இருக்கிறார். இவர்தான்."

மண்டபத்தில் தமிழ் விளங்கியவர்கள் பதினைந்து பேர் இருப்போம். உறுப்பினர்கள் பேனையைப் பிடித்தபடி, இன்னொரு கேக் பகிடி வரும் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

அவர் கொப்பியைப் பார்த்தார். தொடங்கினார். அதே குரல். மொழிபெயர்க்கிறவர்கள் நான், என் என்றுதான் சொல்லவேண்டும். அவர் அப்படியே சொன்னார். என்னிடம் பால் இல்லை, என்றார். என் பிள்ளை இருபது நாளில் செத்துப்போனது, என்றார். அந்தச் சாம்பல் கோட்டுக்குள்ளிருந்து என் பிள்ளை என்று வந்தது. லிஸ்ட் வைத்திருந்தவர் என் பக்கத்தில் இருக்கிறார், இவர்தான், என்று முடித்தார்.

தலைவிக்கு விளங்கவில்லை. "மன்னிக்கவேண்டும், யார்?"

"மொழிபெயர்ப்பாளர், மேடம். சாட்சி சொல்வது என்னைத்தான்."

தலைவி செயலாளரிடம் குனிந்து ஏதோ கேட்டா. பிறகு அவரிடம், "நீங்கள் பதில் சொல்ல விரும்புகிறீர்களா?" என்றா.

"நான் மொழிபெயர்க்க வந்தேன், மேடம். பதில் சொல்ல வரவில்லை," என்றார். அதைத் தமிழிலும் அக்காவுக்குச் சொன்னார்.

பிறகு தலைவி மிகவும் மரியாதையாகப் பேசினா. அம்மாவின் துயரத்துக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் இந்தக் குழு கனடாவுக்குள் நடக்கும் வியாபாரத்தைப் பற்றி மட்டுமே கேட்கலாம். வேறொரு நாட்டில் நடந்தது எங்கள் அதிகாரத்துக்கு வெளியே. ஆகவே அந்தப் பதிலைப் பதிவிலிருந்து நீக்குகிறோம். இவ்வளவையும் அவர்தான் அக்காவுக்குத் தமிழில் சொன்னார். கடைசியில் அக்கா சாக்கைத் தைத்தது பதிவில் நின்றது. ஏன் தைத்தா என்பது போய்விட்டது. கேள்வி கேட்ட உறுப்பினர் தாளில் ஒரு கோடு போட்டார். கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெளியே படியில் அக்காவைப் பிடித்து, "ஏனக்கா அந்தாளையே கேட்டனீங்கள்?" என்று கத்தினேன்.

"அந்தக் கச்சேரிப் பேரைக் கேட்டவுடனை ஆள் ஆரெண்டு விளங்கிட்டுது. வேறை ஆரும் எண்டா பாதியை விட்டிட்டுச் சொல்லியிருப்பினம். இந்தாள் விடாது." சப்பாத்தைச் சரிசெய்துகொண்டா. "கடைக்காகவும்தான் போனனான், பிள்ளை. கேள்வி அப்பிடி வந்திட்டுது."

இரண்டு கிழமை கழித்து, குழுவின் பதிவு வரைவு திருத்துவதற்காக அவருக்குத் தபாலில் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். மற்றப் பெண்கள் சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டார்கள். அவர் லேபல் மேசையில் அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். நீக்கப்படும் என்று ஓரத்தில் எழுதிய ஒரு பந்தி. அதில் ஒரு ரின் பால்மா என்று அச்சாகியிருந்தது. அவர் ஒன்றை வெட்டி இரண்டு என்று எழுதினார்.

எனக்கு மண்டை கொதித்தது. "உந்தப் பந்தியைத்தானே எடுக்கப்போகினம். பிறகென்னத்துக்குத் திருத்திறியள்?"

"எடுக்கட்டும். அவ சொன்னது ரெண்டு ரின். நான் எடுத்ததும் ரெண்டு ரின்."

"நீங்கள் மனுசரோ, அண்ணை? நான்தான் தைச்சனான் எண்டு அவ சொன்னதை ஒருக்கால் மாத்திச் சொல்லியிருந்தா, அந்த மனுசியின்ரை கடை தப்பியிருக்கும். ஒரு சொல்லு! உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். என்னை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

"சாக்கைத் தைச்சது அவ இல்லை. நீர். அந்த ஓடர் கட்டினது ஆரெண்டு ஸ்ரோர்க் கொப்பியிலை இருக்கு. அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"அதை அங்கை ஒருத்தரும் சொல்லேல்லையே. சொல்லாததை நான் எப்பிடிப் பிரெஞ்சிலை சொல்லுறது?" அடிமட்டத்தை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "நீர் பின் வரிசையிலைதானே இருந்தனீர். எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதையும் சொல்லியிருப்பன். மேன்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. தான் ஒளிக்கச் சொல்லேல்லை, தைச்சது வேறை ஆள் எண்டா, அவ தெரிஞ்சு செய்தது எண்டு சொல்லேலாது. கடை அவவுக்குத் திரும்பிவரும். வாறதெண்டாச் சொல்லும். நான் வாறன்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. மேன்முறையீட்டு நாள் ஒரு வியாழக்கிழமை. காலையில் அவர் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு, லீவு எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, ஸ்ரோர் வாசலில் பத்து நிமிடம் நின்றார். எனக்காகத்தான் நின்றார். நான் மிளகாய்த்தூள்ப் பெட்டி ஒன்றை இழுத்து வைத்து லேபல் ஒட்டினேன். பிறகு அவர் தனியாகப் போய், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, நான்தான் தைத்தேன் என்று அக்கா இன்னொரு தரம் சொன்னதைச் சரியாக மொழிபெயர்த்துவிட்டு, கடை இல்லை என்ற முடிவையும் அவவுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, பின்னேரம் திரும்பி வந்து வேலை செய்தார்.